தோட்டத்தில் ஆர்மர்டு கேபிள் புதைக்கப் போகிறீர்களா? கடையில் கேட்பதிலிருந்து குழி மூடுவது வரை

மோட்டார் ரூமில் இபி மீட்டர் இருக்கிறது. புதிதாகப் போட்ட போர் அங்கிருந்து 150 மீட்டர் தள்ளி, தோப்பின் மறுகோடியில் இருக்கிறது. நடுவில் டிராக்டர் ஓடும், மண்வெட்டி விழும், எலி கடிக்கும். மண்ணுக்குள் கேபிள் போட்டாக வேண்டும் என்று முடிவு செய்து கடைகளுக்குப் போனபோது ஒருவர் 4 ஸ்கொயர் (கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு, சதுர மி.மீ. கணக்கில்) போதும் என்றார், இன்னொருவர் 16 வேண்டும் என்றார், மூன்றாமவர் எந்த அளவென்றே கேட்காமல் விலை சொன்னார். ஏன் என்று கேட்டால் விளக்க ஆளில்லை. தரநிலைகளைத் தேடிப் படித்து, தெரிந்த மின் பொறியாளர்களிடம் கேட்டு, வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்து ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காக, வேலை நடக்கும் வரிசையிலேயே எழுதுகிறேன். 5 எச்பி மோட்டாரையும் 150 மீட்டர் தூரத்தையும் உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். உங்கள் எண்களை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

1. ஆர்மர்டு கேபிள்தான் வேண்டுமா என்று முதலில் பாருங்கள்

ஆர்மர்டு கேபிள் என்றால் மேல் தோலுக்கு அடியில் இரும்புக் கவசம் சுற்றிய கேபிள். மண்ணில் நேரடியாகப் புதைக்க, சுற்றுச்சுவர் ஓரத்திலுள்ள மீட்டரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் வீட்டுக்கு எடுக்க, அடுக்குமாடியில் மெயின் பேனலுக்கு ஏற்ற, பட்டறையில் டிரேயில் ஓட்ட இதுதான் சரி.

போர் குழிக்குள் இறக்க இது கூடாது. நீர்மூழ்கி மோட்டாருக்கென்று வரும் தட்டை கேபிள்தான் உள்ளே போக வேண்டும். ஆர்மர்டு கேபிள் போர் பக்கத்திலுள்ள ஸ்டார்ட்டர் பெட்டியோடு நின்றுவிடும். அடிக்கடி நகர்த்தும் இயந்திரங்களுக்கும் இது ஆகாது, கவசம் வளைந்து வளைந்து உடையும். வீட்டு வயரிங்குக்கான சாதாரண வயரைப் பிவிசி குழாயில் நுழைத்துப் புதைத்தால் செலவு மிச்சம் என்று சொல்வார்கள். குழாய்க்குள் தண்ணீர் இறங்கி நிற்கும், மண்வெட்டி விழுந்தால் குழாயும் வயரும் சேர்ந்தே வெட்டுப்படும். அதற்குச் சம்மதிக்காதீர்கள்.

2. கேபிளின் மேல் எழுதியிருப்பதைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

உள்ளிருந்து வெளியே வந்தால்: அலுமினியம் அல்லது செம்புக் கம்பி, அதன்மேல் இன்சுலேஷன் (இரண்டும் சேர்ந்தது ஒரு கோர்), கோர்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஓர் உள் உறை, அதன்மேல் இரும்புக் கவசம், கடைசியாகக் கறுப்பு வெளித் தோல். கேபிளின் பெயரில் உள்ள எழுத்துகளும் இதே வரிசையில்தான் வரும்.

முதலில் ஏ இருந்தால் அலுமினியம். இல்லையென்றால் செம்பு. அடுத்து 2எக்ஸ் என்றால் எக்ஸ்எல்பிஇ (வெப்பம் அதிகம் தாங்கும் ஒரு வகை பாலிஎத்திலீன்) இன்சுலேஷன், ஒய் என்றால் பிவிசி. அதற்கடுத்து டபிள்யூ என்றால் உருண்டைக் கம்பிக் கவசம், எஃப் என்றால் தட்டைப் பட்டைக் கவசம். கடைசி ஒய் வெளித் தோலின் பிவிசி. ஆக ஏ2எக்ஸ்எஃப்ஒய் (A2XFY) என்று சொன்னால், அலுமினியக் கம்பி, எக்ஸ்எல்பிஇ இன்சுலேஷன், பட்டைக் கவசம், பிவிசி தோல். தோட்ட வேலைக்குப் பெரும்பாலும் இதுவோ ஏ2எக்ஸ்டபிள்யூஒய்யோதான் வாங்குவீர்கள். சிறிய கேபிள்களில், அதாவது கவசத்துக்கு அடியில் விட்டம் 13 மி.மீ.க்குள் இருந்தால், உருண்டைக் கம்பிதான் வர வேண்டும். அதற்கு மேற்பட்டவற்றில் இரண்டும் வரும்.

எக்ஸ்எல்பிஇயா பிவிசியா என்ற கேள்விக்கு என் பதில் எக்ஸ்எல்பிஇ. பிவிசி இன்சுலேஷன் தொடர்ந்து 70 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும், எக்ஸ்எல்பிஇ 90 வரை. ஷார்ட் சர்க்யூட் நேரத்தில் பிவிசிக்கு வரம்பு 160, எக்ஸ்எல்பிஇக்கு 250. எக்ஸ்எல்பிஇ கேபிளுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 7098 பகுதி 1, பிவிசிக்கு ஐஎஸ் 1554 பகுதி 1. இரண்டும் 1100 வோல்ட் வரைக்கானவை. விலைச்சீட்டில் இந்த எண் இருக்க வேண்டும்.

கோர் எத்தனை? மோட்டார் மட்டும் என்றால் மூன்று பேஸுக்கு 3 கோர் போதும். ஸ்டார்ட்டர் பக்கத்தில் ஒரு விளக்கு, பிளக் என்று எதுவும் வரலாமென்றால் நியூட்ரலுக்காக 4 கோர் எடுங்கள். 3.5 கோர் என்று கேள்விப்படுவீர்கள். அது மூன்று பெரிய கோரும், நியூட்ரலுக்கு ஒரு சிறிய கோரும் கொண்டது. 25 ஸ்கொயரிலிருந்துதான் வரும், கட்டடங்களுக்கும் பட்டறைகளுக்கும் உரியது.

ஒற்றைக் கோர் கேபிள் வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஏசி மின்சாரத்தில் ஒற்றைக் கோரைச் சுற்றி இரும்புக் கவசம் இருக்கக் கூடாது. காந்தப் புலத்தால் கவசமே சூடாகும். அதற்கு அலுமினியக் கவசம் போட்டதைக் கேட்க வேண்டும்.

3. அளவை ஆம்பியரால் மட்டும் முடிவு செய்யாதீர்கள்

பெரும்பாலானவர்கள் ஏமாறும் இடம் இது. 4 ஸ்கொயர் அலுமினிய ஆர்மர்டு கேபிள் மண்ணுக்குள் 25 ஆம்பியருக்கு மேலேயே தாங்கும். 5 எச்பி நீர்மூழ்கி மோட்டார் 10 ஆம்பியர் அளவில்தான் இழுக்கும். ‘தாராளமாகப் போதும்’ என்று கடைக்காரர் சொல்வது பொய்யில்லை. கேபிள் எரியாது. ஆனால் 150 மீட்டர் தாண்டி மோட்டாருக்கு எத்தனை வோல்ட் போய்ச் சேரும் என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

த்ரீ பேஸுக்குக் கணக்கு இது: 1.73 × ஆம்பியர் × ஒரு கிலோமீட்டருக்கான ஓம் × மீட்டர் ÷ 1000. வருவது இழக்கும் வோல்ட். சிங்கிள் பேஸ் என்றால் 1.73க்குப் பதில் 2 போடுங்கள். ஆம்பியரை மோட்டாரின் பெயர்ப் பலகையிலிருந்து எடுங்கள்.

அலுமினியத்துக்கு 20 டிகிரியில் ஓம் மதிப்புகள்: 4 ஸ்கொயருக்கு 7.41, 6க்கு 4.61, 10க்கு 3.08, 16க்கு 1.91, 25க்கு 1.20.

10 ஆம்பியர், 150 மீட்டர் போட்டால் 4 ஸ்கொயரில் சுமார் 19 வோல்ட் போகிறது. 415 வோல்ட்டில் அது 4.6 சதவீதம். 6 ஸ்கொயரில் 12 வோல்ட், 2.9 சதவீதம். 10 ஸ்கொயரில் 8 வோல்ட், 1.9 சதவீதம். கிராமத்து லைனின் கடைக்கோடியில் ஏற்கெனவே வோல்டேஜ் குறைந்துதான் வருகிறது. அதிலிருந்து இன்னும் 19 வோல்ட் போனால் மோட்டார் அதிக ஆம்பியர் இழுத்துச் சூடாகும். காயில் எரிவது அங்கிருந்துதான் தொடங்குகிறது. மோட்டார் கிளம்பும் நொடியில் மின்னோட்டம் ஐந்தாறு மடங்கு ஏறும், இழப்பும் அதற்கேற்ப ஏறும். நான் வைத்துக்கொண்ட வரம்பு 3 சதவீதம்.

அப்படியானால் 6 ஸ்கொயர் போதுமே என்று தோன்றும். நீர்மட்டம் இறங்கினால் நாளைக்கு 7.5 எச்பி மாட்ட வேண்டி வரலாம். அது 14 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்தால் 6 ஸ்கொயரில் இழப்பு 4 சதவீதத்தைத் தொடும், 10 ஸ்கொயரில் 2.7 சதவீதத்தில் நிற்கும். குழி வெட்டுகிற கூலியும் மணலும் செங்கல்லும் இரண்டுக்கும் ஒன்றுதான். மண்ணுக்குள் போகிற பொருளை இரண்டாம் முறை தோண்டி மாற்றுவது முதல் முறையைவிட அதிகச் செலவு. எனவே இந்தத் தூரத்துக்கு 10 ஸ்கொயர் எடுக்கச் சொல்வேன்.

செம்பா அலுமினியமா? 10 ஸ்கொயர் செம்பின் ஓம் மதிப்பு 1.83. ஏறத்தாழ 16 ஸ்கொயர் அலுமினியத்துக்குச் சமம். ஓர் அளவு கூடுதலாக அலுமினியம் எடுத்தாலே செம்பின் வேலை நடந்துவிடும், செலவும் நன்றாகக் குறையும். இடம் நெருக்கமான பேனல்களுக்குள் செம்பு நல்லது. தோட்டத்து மண்ணுக்குள் அதற்கு அவசியமில்லை, திருட்டுப் பயமும் உண்டு.

4. காகிதங்களைக் கேபிள் வாங்கும் முன்பே முடியுங்கள்

மீட்டருக்கு அப்புறம் உள்ள வயரிங் உங்கள் பொறுப்பு. ஆனாலும் விவசாய இணைப்பை ஒரு கிணற்றிலிருந்து இன்னொரு போருக்கு மாற்றவும், மோட்டாரின் எச்பியைக் கூட்டவும் மின் பகிர்மானக் கழகத்தின் அனுமதி வேண்டும். உங்கள் பகுதிக்குரிய பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, ஒப்புதல் நகலைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகே கேபிளுக்கு முன்பணம் கொடுங்கள். வாய் வார்த்தையாகக் கேட்டு வைப்பது போதாது.

கையில் வைத்திருக்க வேண்டியவை: இணைப்பு எண் உள்ள மின் அட்டை அல்லது ரசீது, சிட்டா, புதிய போர் இருக்கும் புல எண்ணுக்கான புலப்படம், கூட்டுப் பட்டா என்றால் மற்ற பங்குதாரர்களின் எழுத்துச் சம்மதம். கிராம நிர்வாக அலுவலரின் சான்று கேட்பார்கள். சிட்டாவும் புலப்படமும் அரசின் இணையதளத்திலேயே கிடைக்கும். புலப்படத்தின் நகலில் கேபிள் போகும் வழியைச் சிவப்புக் கோட்டில் வரைந்து கொண்டுபோனால் பேச்சு சுருக்கமாக முடியும்.

கேபிள் அடுத்தவர் நிலத்தின் வழியாகப் போகிறதென்றால், உறவினராகவே இருந்தாலும் முத்திரைத்தாளில் எழுதி வாங்குங்கள். நிலம் கைமாறும்போதுதான் அந்தத் தாளின் அருமை தெரியும். ஊராட்சிச் சாலையைக் குறுக்கே வெட்டுவதானால் ஊராட்சியின் அனுமதி வேண்டும், நெடுஞ்சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறையின் அனுமதி. இந்த வேலையில் மிக அதிக நாள் பிடிப்பது சாலை வெட்டும் அனுமதிதான். ஆகவே முதலில் அதைத் தொடங்குங்கள்.

வேலையைச் செய்பவர் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரராக இருக்கட்டும். முடிந்தபின் அவர் கையெழுத்திட்ட சோதனை அறிக்கை உங்களுக்கு வேண்டும். வேலை முடிந்த பிறகு அதைக் கேட்டால் இழுத்தடிப்பார்கள். கூலி பேசும்போதே அதையும் சேர்த்துப் பேசிவிடுங்கள்.

5. விலை கேட்கும் முறை

கேபிள் விலை அலுமினியத்தின் சந்தை விலையோடு ஏறி இறங்கும். எனவே ஒரு கடையின் இன்றைய விலையை இன்னொரு கடையின் போன மாத விலையோடு ஒப்பிடாதீர்கள். ஒரே நாளில் மூன்று கடைகளில் எழுத்தில் வாங்குங்கள்.

பட்டியல் விலை ஒன்று, தள்ளுபடி ஒன்று, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி என்று கணக்கு போகும். கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: பட்டியலில் மீட்டர் 200 ரூபாய், தள்ளுபடி 40 சதவீதம் என்றால் 120. ஜிஎஸ்டி சேர்ந்து 141 ரூபாய் 60 காசு. தள்ளுபடி எத்தனை சதவீதம் என்று மட்டும் கேட்டால் ஏமாறுவீர்கள், ஏனென்றால் பட்டியல் விலை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ‘வரி, வண்டிக் கூலி எல்லாம் சேர்த்து, என் தோட்டத்தில் இறக்க மீட்டர் என்ன விலை’ என்று கேளுங்கள். பில் இல்லாமல் தந்தால் குறையும் என்பார்கள். பில் இல்லையென்றால் உத்தரவாதமும் இல்லை.

நீளத்தை நேர்க்கோட்டில் அளக்காதீர்கள். கேபிள் போகும் வழியில் டேப் பிடித்து அளந்து, இரு முனைகளிலும் குழியிலிருந்து பெட்டிக்கு ஏறும் உயரத்தைச் சேர்த்து, ஒவ்வொரு முனையிலும் 2, 3 மீட்டர் வளையமாக மண்ணுக்குள் விடுவதற்கும் சேர்த்து வாங்குங்கள். நாளைக்கு முனை கருகினால் வெட்டிவிட்டு மறுபடி இணைக்க அந்த வளையம்தான் கைகொடுக்கும். 150 மீட்டர் வழிக்கு 160 மீட்டர் சரியாக இருக்கும். ஒரே துண்டாகக் கேளுங்கள். இரண்டு துண்டு தந்து நடுவில் இணைத்துக்கொள்ளலாம் என்றால் வேறு கடைக்குப் போங்கள்.

6. கடையில் சரிபார்க்க வேண்டியவை

வெளித் தோலில் கம்பெனி பெயர், 1100 வோல்ட், கோர் எண்ணிக்கையும் அளவும், ஐஎஸ் எண், ஐஎஸ்ஐ முத்திரை, உரிம எண் எல்லாம் இருக்கிறதா பாருங்கள். உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் அது யாருடையது, நடப்பில் இருக்கிறதா என்று தெரியும். தோலில் மீட்டர் எண்கள் வரிசையாக அச்சாகியிருக்கும். வெட்டும்போது தொடக்க எண்ணையும் கடைசி எண்ணையும் படம் எடுங்கள், கழித்துப் பார்த்தால் நீளம் தெரிந்துவிடும்.

சோதனைச் சான்றிதழ் கேளுங்கள். அதில் கம்பியின் ஓம் மதிப்பு இருக்கும். 10 ஸ்கொயர் அலுமினியம் என்றால் கிலோமீட்டருக்கு 3.08க்கு மேல் போகக் கூடாது. கம்பியின் தடிமனைக் குறைத்துச் செய்த மட்டமான கேபிள் இந்த ஓர் எண்ணில்தான் மாட்டிக்கொள்ளும்.

வெட்டிய இரு முனைகளையும் அங்கேயே மூடி போட்டு அடைக்கச் சொல்லுங்கள். திறந்த முனை மழையில் நனைந்தால் ஈரம் உள்ளே ஏறும்.

7. குழி

தாழ்வழுத்தக் கேபிளுக்கு ஐஎஸ் 1255 சொல்லும் ஆழம் 75 செ.மீ., சாலைக்கு அடியில் 1 மீட்டர். அடியில் மணல் போட வேண்டுமென்பதால் 3 அடி வெட்டச் சொல்லுங்கள். ஆட்கள் ஒன்றரை அடியில் நிறுத்திவிட்டு ‘இது போதும்ங்க, இரும்புக் கேபிள்தானே’ என்பார்கள். கவசம் மண்வெட்டிக்குத் தாங்கும். கடப்பாரைக்கும் ஜேசிபி பல்லுக்கும் தாங்காது. ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் நீங்களே அளந்து பாருங்கள்.

தென்னை மரத்தின் வேர்கள் அடிமரத்தைச் சுற்றி 2 மீட்டருக்குள் அதிகம். இரண்டு வரிசைக்கு நடுவில் வெட்டுங்கள். சொட்டுநீர்க் குழாய் எங்கே போகிறது என்பதை முந்தின நாளே சுண்ணாம்புக் கோடு போட்டு வையுங்கள். ஜேசிபி வைத்தால் ஒரு நாள் வேலை, ஆனால் குறுகிய வாளி மாட்டச் சொல்லிக் கேளுங்கள். இரண்டடி அகல வாளியில் வெட்டினால் மணல் இரட்டிப்பாகும்.

அடியில் 3 அங்குலம் மணல், அதன்மேல் கேபிள், அதன்மேல் மறுபடி 3 அங்குலம் மணல், அதன்மேல் செங்கல், பிறகு மண். ஓரடி அகலக் குழியில் 150 மீட்டருக்கு ஏறத்தாழ 240 கன அடி மணல் பிடிக்கும், கிட்டத்தட்ட இரண்டரை யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). எம் சாண்ட் போதும். கல் இல்லாமல் சலித்த தோட்டத்து மண்ணும் ஆகும். செங்கல்லை நீளவாக்கில் ஒரு வரிசை அடுக்க 650 கல் வேண்டும். பாதி மண் மூடியதும் எச்சரிக்கை நாடாவை விரியுங்கள். விலை மிகக் குறைவு, ஆனால் பின்னால் தோண்டுபவரை நிறுத்துவது அதுதான்.

பாறை வந்து ஆழம் கிடைக்காத இடத்தில் கேபிளை ஜிஐ குழாய்க்குள் விட்டு மேலே கான்கிரீட் போடுங்கள். சாலையைக் கடக்கும் இடத்திலும் குழாய் கட்டாயம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் வேலையை முடியுங்கள். திறந்து கிடக்கும் குழி ஒரு மழையில் சரிந்துவிடும், கூலி இரண்டு முறை.

8. கேபிளை விரிப்பதும் மெகர் பார்ப்பதும்

சுருளைத் தரையில் படுக்க வைத்து ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் கேபிள் முறுக்கிக்கொள்ளும். சுருளை உருட்டி உருட்டி விரிக்க வேண்டும். வளைவுகளில் கேபிள் விட்டத்தைப் போல் 12 மடங்குக்குக் குறையாத ஆரம் விடுங்கள். 2 செ.மீ. கேபிள் என்றால் 24 செ.மீ. ஆரம்.

இன்சுலேஷனில் கசிவு உண்டா என்று அளக்கும் மெகர் என்ற கருவியால் மூன்று முறை சோதிக்க வேண்டும்: குழியில் இறக்கும் முன், குழியில் படுத்தபின் மண் மூடும் முன், முனைகள் இணைத்தபின். 4 கோர் என்றால் கோருக்கும் கோருக்கும் இடையே ஆறு, கோருக்கும் கவசத்துக்கும் இடையே நான்கு, மொத்தம் பத்து அளவீடு. புதிய கேபிள் நூற்றுக்கணக்கான மெகா ஓம் காட்ட வேண்டும். இரண்டாவது சோதனையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மண் மூடியபின் பழுது தெரிந்தால் மறுபடி தோண்டத்தான் வேண்டும். எண்களைத் தேதியோடு எழுதி வாங்குங்கள்.

9. இரண்டு முனைகள்: இங்கேதான் உயிர் இருக்கிறது

நல்ல கேபிள் வாங்கி, முழு ஆழத்தில் புதைத்து, முனையில் கவசத்தை வெட்டிவிட்டு டேப் சுற்றி நிறுத்திய வேலைகளைப் பல தோட்டங்களில் பார்க்கலாம். அது அபாயம். உள்ளே ஒரு கோர் கவசத்தைத் தொட்டால், எர்த் ஆகாத கவசம் முழு நீளத்துக்கும் மின்சாரம் ஏறி நிற்கும். பியூஸ் போகாது, ஸ்டார்ட்டர் விழாது. பெட்டியைத் தொடுகிற மனிதர், வேலிக் கம்பியில் உரசுகிற மாடு, யாருக்கு வேண்டுமானாலும் ஆபத்து வரலாம்.

பித்தளை கிளாண்ட் (கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் அதை இறுக்கிப் பிடிக்கும் பொருத்தி) போட வேண்டும். கவசப் பட்டைகளை விரித்து கிளாண்டின் கூம்பின்மேல் சுற்றிலும் பரப்பி இறுக்கினால்தான் கவசம் பெட்டியோடு பிடிக்கும். வெயில் மழை படும் இடத்துக்கு, கவசத்தையும் வெளித் தோலையும் தனித்தனியே இறுக்கும் டபுள் கம்ப்ரஷன் கிளாண்ட் வாங்குங்கள். கேபிளின் அளவைச் சொல்லியே கிளாண்ட் கேளுங்கள். பெரிய கிளாண்டில் துணி சுற்றி அடைப்பதை அனுமதிக்காதீர்கள். ஹேக்சாவால் கவசத்தை அறுக்கும்போது உள் உறையில் கீறல் விழாமல் பாருங்கள்.

கிளாண்டோடு மாட்டும் எர்த் டேக் என்ற உலோக வளையத்திலிருந்து எர்த்துக்கு இணைப்பு இரண்டு முனையிலும் வேண்டும். கவசம் ஒன்றையே எர்த் வயராக நம்ப வேண்டாம். குழியில் கேபிளோடு 8 எண் (கேஜ்) ஜிஐ கம்பி ஒன்றையும் ஓட்டி விடுங்கள், போர் பக்கத்திலும் ஓர் எர்த் குழி போடுங்கள். த்ரீ பேஸ் மோட்டாருக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்பு விதியிலேயே உண்டு. கவசத்தை நியூட்ரலாகப் பயன்படுத்தி ஒரு கோர் மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால், அவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

அலுமினியக் கோரை நேராகச் செம்பு டெர்மினலில் திருகினால் சில மாதங்களில் இணைப்பு தளர்ந்து சூடாகும். அலுமினியத்தின்மேல் மெல்லிய ஆக்சைடு படியும், இரண்டு உலோகமும் ஈரத்தில் அரிக்கும். பைமெட்டாலிக் லக் (ஒரு பக்கம் அலுமினியம், மறுபக்கம் செம்பு உள்ள முனைத்துண்டு) வாங்கி, கோரைத் துலக்கி, ஆக்சைடு படியாமல் தடுக்கும் பசை தடவி, கிரிம்பிங் கருவியால் அழுத்த வேண்டும். சுத்தியலால் தட்டி நசுக்குவது கிரிம்பிங் ஆகாது. கிளாண்டும் லக்கும் சேர்ந்தாலும் மொத்தச் செலவில் சிறு பங்குதான். பேரம் பேச வேண்டிய இடம் அது அல்ல.

பெட்டிக்கு வெளியே எக்ஸ்எல்பிஇ கோர் வெயிலில் தெரியக் கூடாது, வெயில் அதைக் கெடுக்கும். இடையில் இணைப்பு தவிர்க்கவே முடியாமல் போனால், கவசத்தையும் தொடர்ந்து இணைக்கும் ஜாயின்ட் கிட் வாங்கிப் போடுங்கள், அந்த இடத்தில் ஒரு கல் நடுங்கள்.

மோட்டார் ரூமில், கேபிள் கிளம்பும் இடத்தில், தனி பிரேக்கர் இருக்கட்டும். மின்கசிவைக் கண்டு அறுக்கும் கருவியும் அதோடு வையுங்கள்.

10. மண் மூடும் முன்பும் பின்பும்

குழி திறந்திருக்கும்போதே போனில் முழு வழியையும் வீடியோ எடுங்கள். பக்கத்தில் டேப் பிடித்து, நிலையான ஏதாவது ஒன்றிலிருந்து, கிணற்றுச் சுவரோ எல்லைக் கல்லோ, கேபிள் எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்று புலப்பட நகலில் எழுதுங்கள். மூடிய மண் ஒரு மழைக்காலம் முடியும்வரை அமுங்கும், அதனால் கொஞ்சம் மேடாகவே விடுங்கள்.

பில், சோதனைச் சான்றிதழ், மெகர் எண்கள், ஒப்பந்ததாரர் அறிக்கை, இபி ஒப்புதல், வரைபடம் எல்லாவற்றையும் ஒரே உறையில் போடுங்கள். வரைபடத்தின் ஒரு நகலை மோட்டார் ரூம் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். தோப்பில் உழவு ஓட்டும் டிராக்டர்காரருக்கும், சொட்டுநீர்க் குழாய் மாற்ற வருபவருக்கும் அதைக் காட்டிவிட்டு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.